சுப்பராயலுவின் வயிற்றுக்கு இறங்கிய பேஸ்

ஆரணி பட்டு வியாபாரி சுப்பராயலு பாட்டைக் காதால் மட்டும் கேட்பவர் அல்ல. வயிற்றில் கை வைத்துக் கேட்பார். 2003 ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஊர் தேவிகாபுரம். எந்த மினி பஸ்ஸில் பாட்டின் அடிநாதமான பேஸ் சத்தம் வயிறு வரை இறங்குகிறதோ, அதற்குத்தான் கல்யாண சவாரி என்று சொல்லிவிட்டார்.

என் நண்பன் தனசேகரனுக்கு அந்தச் சவாரி வேண்டும். தறியை விட்டுவிட்டு பஸ் வாங்கியவன் அவன். ரேடியோ ரிப்பேர் கடைக்காரனான நான்தான் பேஸுக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, அதாவது சப்வூஃபருக்கு, பெட்டி செய்துகொடுத்தேன். படுக்கவைத்த பீரோ அளவு. சத்தம் அருமை. ஆனால் தினமும் தறிக்கான பாவு நூல் மூட்டையோடு ஏறும் பரிமளா அக்காவுக்கு அதைப் பார்த்ததும் கோபம்.

“இன்னாப்பா தனசேகரு, பொட்டி டிக்கெட் எடுத்துச்சா? பின்சீட்டு முழுக்கப் படுத்துகினு கீது! நாங்க போட்டிக்கு ஓடற எதிர் பஸ்ல போயிக்கறோம்.”

பெட்டியைப் பாதியாக அறுத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் காலை சுப்பராயலு வந்து உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“நெஞ்சுலயே இடிச்சிகினு நிக்குதுப்பா. கீழ எறங்கல. நான் டிபன் சாப்ட்டு வரேன். அதுக்குள்ள எறக்கு, இல்லன்னா எதிர் பஸ்தான்.”

அவர் வயிறு பொய் சொல்லவில்லை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள், திருப்பித் தள்ளும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அப்படி ஒரு ஸ்பிரிங்தான். பெட்டி பெரிதென்றால் ஸ்பிரிங் தளர்வு. ஸ்பீக்கரின் கூம்பு தாராளமாக அசையும். பெட்டி சிறிதென்றால் விறைப்பு. அடி ஆழத்துச் சத்தம் மெலிந்துபோகும், அதற்குச் சற்று மேலே உள்ளது மட்டும் புடைத்து நிற்கும். தாலாட்டோ குத்துப்பாட்டோ, எல்லாம் ஒரே ‘டொங் டொங்’.

“பொட்டிய பெருசாக்க முடியாது. ஆனா பெருசுன்னு காத்த நம்ப வைக்கலாம்,” என்றேன். “பஞ்சு மாதிரி எதையாவது உள்ள தளர்வா போட்டா, அழுத்தும்போது காத்துல ஏறுற சூட்ட அது வாங்கிக்கும். ஸ்பிரிங் கொஞ்சம் இளகும்.”

ஆரணியில் பஞ்சுக்கு எங்கே போவது? பட்டு நூல் கழிவு இருக்கவே இருக்கிறது. தனசேகரன் ஒரு மூட்டை கொண்டுவந்தான். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பெட்டியை மூடித் திருகாணி போட்டுவிட்டான். பாட்டைப் போட்டால் கோழி இருமுவது போல ஒரு சத்தம்.

“எவ்ளோ போட்ட?”

“முழு மூட்டையும்! கட்டையால குத்திக் குத்தி எறக்கினேன். நெருக்கி அடிச்சாத்தானே சரக்கு கெட்டி?”

தறியில் ஊடை நூலை நெருக்கி அடித்துப் பழகிய கை அது. புடவைக்குச் சரி, பெட்டிக்குள் காற்றுக்கு நிற்கவே இடமில்லை.

அதற்குள் சுப்பராயலு வந்துவிட்டார். திருகாணியைக் கழற்று, ஒரு பிடி எடு, மூடு, பாட்டைப் போடு. மூன்றாவது தடவை, மூட்டையோடு பஸ் கிளம்பக் காத்திருந்த பரிமளா அக்கா பொறுமை இழந்தாள்.

“தள்ளுங்கப்பா, ஜல்தி! எனக்கு நேரமாவுது.” கையை விட்டு, சிக்கு எடுக்கிற மாதிரி இழுத்து, உதறி உதறி வெளியே போட்டாள். பஸ் முழுக்கப் பட்டுத் தூசு. கண்டக்டருக்குச் சிவப்பில் மீசை முளைத்தது.

“போதுமாண்ணே?” என்றான் தனசேகரன்.

சுப்பராயலு கண்ணை மூடினார். “கழுத்து… நெஞ்சு… இரு, இரு. இன்னும் ஒரு பிடி எடும்மா.”

எடுத்தாள். மூடினேன். பாட்டு ஓடியது. அவருடைய சட்டையின் கடைசிப் பொத்தான் மெல்ல அதிரத் தொடங்கியது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“எறங்கிடுச்சு! கல்யாணத்துக்கு இந்த பஸ்தான்.”

தனசேகரன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

“ஆனா ஒண்ணு,” என்றார் சுப்பராயலு. “பொண்ணு முன்னாடி ஒக்காரட்டும். பொட்டிக்கு மேல இருக்கற சீட்டு என்னுது.”