அறந்தாங்கிச் சாலையின் நீளம்

திங்கட்கிழமைகளில் அன்புமொழி பேருந்தில் ஏறினால், அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலை நீண்டுவிடும். மற்ற நாட்களில் அது எல்லாச் சாலைகளையும் போல இருந்த அளவிலேயே இருந்தது. திங்களன்று மட்டும், அரிமளத்தைத் தாண்டியதும் கடந்துபோன பனைமரம் மறுபடி வரும். அதே கண்மாய் வரும், கரையில் அதே வெள்ளாடு நிற்கும். கிலோமீட்டர் கற்கள் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, திடீரென்று கூட்டிச் சொல்லும். நெடுஞ்சாலைத் துறையினர் ஒரு புதன்கிழமை வந்து டேப் பிடித்து அளந்தார்கள், சரியாக இருந்தது. திங்கட்கிழமை அளக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

அன்புமொழி திருநங்கை. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். திருநங்கைகளைப் பார்க்கும் டாக்டர் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் திங்கள் காலை மட்டும் உட்காருவார். அதை அறிவதற்கு முன், யாரோ சொன்ன மாத்திரையைத் தானாகவே வாங்கி விழுங்கி, கால் வீங்கி, மூச்சு முட்டிப் பிழைத்திருந்தாள். இனி டாக்டர் பார்த்து, இரத்தம் சோதித்து, முறையாகத்தான் தொடங்க வேண்டும். அதுவரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளும் தொடவில்லை. அந்த மாதங்களில் காலையில் மழித்த முகம் மதியத்துக்குள் சொரசொரத்தது. கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். ஒவ்வொரு திங்களும் அவள் போய்ச் சேரும்போது டாக்டரின் நாற்காலி மேசைமேல் கவிழ்ந்திருக்கும், தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

மற்றவர்களையும் சாலை வதைத்தது. கோர்ட்டுக்குப் போனவர்களின் வழக்கு தள்ளிப்போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இல்லாமலே ஒரு நிச்சயதார்த்தம் முடிந்தது. ஏறுமுன் ஜன்னல் வழியாக எட்டி, அந்தப் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இருந்தாலும், அந்த நேரத்துக்கு வேறு பேருந்து இல்லாததால் ஏறினார்கள். கம்பியில் தொங்கினார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், அவள் பக்கத்தில் காலியாகக் கிடந்த இருக்கையை மட்டும் பார்க்கவில்லை. அன்புமொழி கைப்பையைத் திறப்பாள், மூடுவாள், எழுந்து டிரைவர் திருமுருகன் வரை போவாள், திரும்பி வருவாள், மறுபடி எழுவாள்.

அதிகம் திட்டியவர் அரிமளத்தில் ஏறும் ஆவுடையாள் ஆச்சி. காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகிறவர். "எனக்குக் காலு அழுகுது. ஒனக்கு என்னடி நோவு, நல்லாத்தானே இருக்கே?" என்றார்.

"எனக்கு ஒடம்பு முழுக்க நோவுதான் ஆச்சி. கட்டுப் போடத்தான் எடமில்ல."

அடுத்த திங்கள் ஆச்சியால் நிற்க முடியவில்லை. "அங்கிட்டுத் தள்ளு. இனிமே நின்னா விழுந்துருவேன்" என்று அலுத்துக்கொண்டே அந்த இருக்கையில் உட்கார்ந்தார். பனைமரம் போனது, திரும்பவில்லை. வெள்ளாடு பின்னால் நின்றுவிட்டது. பேருந்து சரியான நேரத்துக்குப் போய் நின்றபோது, திருமுருகன் இறங்கி, வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று கடைகளின் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்தார். அன்று டாக்டர் அன்புமொழியைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார். சாலைகளைக் கடவுள் ஏன் நீட்டுகிறார் என்பது நமக்குத் தெரியாது. குறைப்பதற்கு அவர் பெரிய புண்ணியம் எதுவும் கேட்கவில்லை என்பது மட்டும் அன்று தெரிந்தது.

அதன்பின் அது ஆச்சியின் இடமானது. தேன்குழல் சுட்டுக் கொண்டுவருவார். "எனக்குத்தான் ஆகாது, நீ தின்னு" என்பார். அன்புமொழிக்கு வைத்தியம் நடந்தது. கண்ணாடியை மூடிய துணியை எடுத்துவிட்டாள்.

ஐப்பசியில் ஆச்சியை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். அந்தத் திங்கள் அன்புமொழி சோற்றுத் தூக்கை வீட்டிலேயே மறந்துவிட்டாள். அவளுடைய ஆத்தா அழகி, மகள் கிளம்புவதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே திங்கள்தோறும் விடியுமுன் வயலுக்குப் போகிறவள். சோற்றை மட்டும் ஆக்கி வைத்துவிட்டுப் போவாள். நடவின் நடுவில் கஞ்சி குடிக்க வந்தவள் தூக்கைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"ஏறுங்க ஆத்தா" என்றார் கண்டக்டர் ராக்கன். "இன்னைக்கு ஆச்சி வராது. அந்த எடம் காலியாக் கெடந்தா நாங்கல்லாம் வெள்ளாட்டையே பாத்துக்கிட்டுக் கெடக்கணும்."

"காலெல்லாம் சேறு தம்பி."

"பஸ்சு பாக்காத சேறா?"

அழகி ஏறி, மகளின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அரிமளம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ரத்தம் எடுக்கையில வலிக்குமா?" என்று கேட்டாள்.

"எறும்பு கடிச்சாப்ல இருக்கும் ஆத்தா."

பனைமரம் ஒருமுறைகூட வரவில்லை. கண்மாயும் வரவில்லை. அவர்கள் போனபோது ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையின் கதவே திறக்கவில்லை; அழகியின் காலில் சேறு காய்ந்திருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, இருவரும் சாப்பிட்டார்கள்.

இப்போது திங்கட்கிழமைப் பேருந்து அறந்தாங்கியிலிருந்து சற்றுத் தாமதமாகக் கிளம்புகிறது, அழகி வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொள்ளட்டும் என்று. புதுக்கோட்டைக்குப் போய்ச் சேரும் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.