மீன் விற்று எடுத்த படம்

1

இக்கதை என் கற்பனையில் முளைத்ததன்று. அண்டை வீட்டு ஆர்லீத்தா டின்ஸ்லியிடமிருந்து, அவள் அனுமதி பெற்றே எடுத்துக்கொண்டேன். அவள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: “எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளா எழுதித் தொலைக்காதே.”

தொடக்கத்தைப் பலமுறை எழுதினேன்.

‘அந்தச் சனிக்கிழமை தென்மேற்கு அட்லாண்டா முழுவதும் பெருமிதத்தால் நிமிர்ந்து…’ (நீக்கம். விளம்பரத் தட்டிக்கு உகந்த வாக்கியம்.)

‘தமீக்காவின் படத்துக்கு எவருமே வரவில்லை.’ (நீக்கம். ஆறு பேர் வந்திருந்தார்கள். சுருக்கமாக இருப்பதற்காகப் பொய் சொல்லக் கூடாது.)

ஆகவே நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

2

தமீக்கா, ஆர்லீத்தாவின் மகள். நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்ட ஒரு தெருவைப் பற்றி அவள் படம் எடுத்தாள். எந்த நிறுவனமும் பணம் தரவில்லை. கறுப்பர்களான எங்கள் வழக்கப்படி, வெள்ளிக்கிழமைதோறும் கிறிஸ்தவ ஆலயச் சமையற்கூடத்தில் மீன் வறுத்து விற்றாள். சோளமாவில் புரட்டிய மீன், இரண்டு துண்டு ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட். ஒரு தட்டு போதும் என்றவர்களும் இரண்டு வாங்கினார்கள். படம் முடிந்தது.

திரையரங்கின் மேலாளர் அவளுக்கு எட்டாம் அரங்கில் ஒரே ஒரு காட்சி கொடுத்தார். சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. பாதி அரங்கு நிறைந்தால் படம் ஒரு வாரம் ஓடும். இல்லையேல் அன்றோடு சரி.

அதே நாள், அதே நேரம், அதே கட்டடத்தின் மூன்றாம் அரங்கை எங்கள் ஆலயம் முன்பே மொத்தமாகப் பதிவு செய்திருந்தது. கறுப்பு மாலுமிகளின் கப்பற்படையையும் அதன் தலைவியையும் பற்றிய பெருநிறுவனப் படம் அது. ஊரே அதற்காகப் புது உடை தைத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை, சமையற்கூடத்தில், ஆலயப் பொறுப்பாளர்களில் ஒருவரான டீக்கன் மாப்ரியைத் தமீக்கா பிடித்தாள்.

“டீக்கன், சனிக்கிழமை வர்றீங்கதானே?”

“எங்கே?”

“என் படத்துக்கு.”

“உன் படத்துக்குத்தானே வாராவாரம் மூணு தட்டு வாங்கினேன், கண்ணு! சந்தேகம்னா என் டாக்டரைக் கேளு.”

“மீனைத் தின்னீங்க. படத்தை யாரு பாக்குறது?”

அவர் உண்மையாகவே விழித்தார். தவறு அங்கேதான் இருந்தது. மீன் வாங்கியவர்கள் அனைவரும் தம் கடமை அத்தோடு முடிந்தது என்று எண்ணினார்கள். மீன் வாங்கியவர்கள் அனைவரும் படம் பார்க்க வருவார்கள் என்று அவள் எண்ணினாள்.

“அந்தப் பெரிய படத்துக்குக் காசு போட்டது யாருன்னு தெரியுமா?” என்றாள்.

“யாரு போட்டா என்னம்மா? திரையில நிக்கிறது நம்ம முகம்.”

“முகம் நம்மளுது. கப்பல் யாருது?”

“யாருதா வேணா இருக்கட்டும். நம்மாளுங்க மேல்தளத்துல நிக்கிறாங்க, தமீக்கா. கப்பலோட அடியில அடிமைச் சங்கிலியோட இல்ல. அதைப் பாக்க எங்கப்பாவுக்குக் குடுத்து வைக்கல.”

தமீக்கா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். (நானும் இங்கே அவளுக்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.)

ஆலயத்துக்கு வருவோரை இருக்கையில் அமர்த்தும் குழுவுக்கு ஆர்லீத்தா தலைவி. பாத்திரம் துலக்கியபடியே சொன்னாள்: “அன்னிக்கு எல்லாரையும் உக்கார வைக்கிறது என் பொறுப்பு. வாக்கு குடுத்துட்டேன்.”

“நான் உன்னைக் கூப்பிடவே இல்லையேம்மா” என்றாள் மகள்.

‘தமீக்கா அழுதாள், ஏனெனில்’ (இவ்வாக்கியத்தைக் கைவிடுகிறேன். அவள் அழவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு வெளியேறினாள்.)

3

முந்தைய வரைவில் இவ்விடத்தில் அந்தப் படநிறுவனத்தின் அதிகாரி ஒருவர் இருந்தார். விலையுயர்ந்த காலணி, வெள்ளைப் பற்கள், எங்கள் பெருமையை எடைபோட்டு விற்கும் சிரிப்பு. எழுத மிக எளிதாக இருந்தார். நீக்கிவிட்டேன். அத்தகையவர் எவரும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அந்தப் பணம் முகம் காட்டுவதில்லை, சுவரொட்டியைத்தான் அனுப்புகிறது.

தமீக்காவையும் திருத்த வேண்டியிருந்தது, தூய்மை மிகுந்துபோயிருந்தாள். இதையும் சேர்த்துக்கொள்க: அவள் தன் கதையை முதலில் அதே நிறுவனத்துக்குத்தான் அனுப்பினாள். கப்பற்படைப் படம் வெளியான முதல் நாளே தனியாகச் சென்று பார்த்துக் கைதட்டவும் செய்தாள்.

4

சனிக்கிழமை, ஆர்லீத்தா வெள்ளைக் கையுறை அணிந்து, மூன்றாம் அரங்கை ஆலயமாகவே நடத்தினாள். முதியோர் ஓரத்தில், குழந்தைகள் நடுவில், பேச்சுக்காரர்கள் தனித்தனியாக. இறுதியில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

படம் நன்றாக இருந்தது. இதை மறைத்தால் கதை எனக்கு எளிதாகும், மறைக்கமாட்டேன். கப்பற்படைத் தலைவி மேல்தளத்தில் வந்து நின்றபோது அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. டீக்கன் மாப்ரி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஆர்லீத்தாவின் கன்னங்கள் நனைந்திருந்தன.

பிறகு திரையைக் காட்டி என் காதருகே குனிந்தாள். “இவ கப்பல் நான் பாக்காட்டியும் போகும்.”

கையுறைகளைக் கழற்றி என் மடியில் வைத்தாள். எழுந்தாள். வலக்கையின் ஆட்காட்டி விரலைத் தோளளவு உயர்த்தினாள். வழிபாட்டின் நடுவே வெளியேற நேர்ந்தால் எங்கள் ஆலயத்தில் அப்படித்தான் செய்வார்கள். சபையோரே, பொறுத்தருள்க என்று பொருள். திரையரங்கில் எவரும் செய்து நான் கண்டதில்லை. சற்றே குனிந்து, ஓசையின்றி நடந்தாள்.

“சிஸ்டர்!” என்று கிசுகிசுத்தார் டீக்கன். “எங்கே போறீங்க? இப்பதானே கப்பல் கிளம்புது!”

“பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அரங்கின் பாதித் தலைகள் திரையிலிருந்து அவள் விரலுக்குத் திரும்பின.

5

முதல் முடிவு: ஒருவர்பின் ஒருவராக அனைவரும் விரலை உயர்த்தி எழுகிறார்கள், இசை பெருகுகிறது. (நீக்கம். மூன்றாம் அரங்குப் படத்தின் முடிவு ஏறக்குறைய அதுதான். அதை எடுக்கப் பெரும்பணம் வேண்டும்.)

இரண்டாம் முடிவு: எவரும் எழவில்லை. எட்டாம் அரங்கில், காலி இருக்கைகளின் நடுவே தாயும் மகளும். (நீக்கம். சோகத்தை விரும்புவோர் மகிழ்வார்கள். ஆனால் தந்தையின் பொருட்டுத் தொப்பியைக் கழற்றிய மனிதரைக் கல்லாக்கிவிடும்.)

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொன்னால், அதையும் கேட்டுவிட்டு, உங்கள் பங்கு முடிந்தது என்று இருந்துவிடுவீர்கள்.

ஆர்லீத்தா கதவருகே சென்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கமாட்டாள், மக்களை அமர்த்துவதே அவள் பணி, எழுப்புவதன்று. திரையில் கப்பல்கள் துறையை விட்டு நகர்கின்றன. அடுத்த காட்சி மிகச் சிறப்பாக இருக்கும். எட்டாம் அரங்கில் ஆறு பேர் இருக்கிறார்கள். நீங்கள் நடு வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். வெளியேற வேண்டுமானால் பலருடைய முழங்கால்களைக் கடக்க வேண்டும்.