புளித்த மண்

சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் அனுபவம். எண்பத்து நாலில், திண்டுக்கல்லில் ஓர் உரக்கடையின் பின்னறையில் மண் சோதிப்பது என் வேலை. சுற்றுவட்டாரத்தில் எல்லாம் கார மண்தான். அதனால் பாதிப் பொட்டலங்களைப் பிரிக்காமலேயே 'கார மண், சுண்ணாம்பு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த கருப்பம்மாளுக்கும் அப்படித்தான் எழுதினேன். அது கொடைக்கானல் சதுப்பு மண், அண்ணன் லாரியில் அனுப்பியது, சாணத்தோடு குழியில் மக்கவைத்து மல்லிகைக்குப் போடப் போகிறேன் என்று அவள் சொன்னது காதில் விழத்தான் செய்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு பிடி மண்ணோடு வந்து நின்றாள். பாசியும் வேரும் போட்டபடியே இருந்தன.

"மக்கவே மாட்டேங்குது சார். என் கை வெளங்காத கைன்னு மாமியா சொல்லுது. அவரும் செடியத் தொடாதேங்குறாரு."

அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ச் சோதித்தேன். கடும் புளிப்பு, அதாவது அமில மண்; சுண்ணாம்பு போட்டால்தான் முறியும். அந்தப் புளிப்பில் மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது. மலைச் சதுப்பில் எத்தனையோ காலத்துப் புல் மக்காமல் கிடப்பதும் அதனால்தான். படித்தவனான எனக்கு இது தெரியும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெளியே வந்து, "குழியில சுண்ணாம்புத் தூள் கலந்து விடுங்கம்மா, சரியாயிரும்" என்று மட்டும் சொன்னேன். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாக நினைப்பு வேறு.

மூன்று மாதத்தில் மறுபடி வந்தாள்.

"நல்லா மக்கிருச்சு சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்ப வீட்டுல வாயடைச்சுப் போயிருப்பாங்களே?"

"தூளப் போட்டது கொழுந்தன் சம்சாரம் அம்பிகா சார். என்னயக் குழிப் பக்கமே விடல. அவ கை பட்டதும் மக்கிருச்சுன்னு ஊரே பேசுது. என் கைதான் வெளங்காததுன்னு இப்ப எனக்கே சந்தேகமில்ல."

பொட்டலத்தைப் பிரிக்காமல் எழுதியதை அப்படியே கொட்டிவிட்டேன். "யாரு போட்டிருந்தாலும் மக்கியிருக்கும்மா. தப்பு என் மேல. வீட்டுக்கே வந்து சொல்றேன்."

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வேணாம் சார். நான்தான் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்தேன்னு அதுக்கும் பேசுவாக." பிறகு லேசாகச் சிரித்தாள். "எனக்காகப் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிறீக. நல்ல மனசு சார் ஒங்களுக்கு."

கும்பிட்டுவிட்டுப் போனாள்.