இரண்டு புள்ளி ஒன்பது

சக்கர நாற்காலி குளியலறை வாசலில் அரை அங்குலம் போதாமல் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் வீரமலை இரண்டு தடவை சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "சரி, தூக்குங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குளியலறையே கட்டினோம். காட்டூரில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய மேஸ்திரி அவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், தினமும் இரண்டு பேர் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்க் குளிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீரங்கத்து இன்ஜினியர், கம்ப்யூட்டரில் பிளான் போடக் கற்றுக்கொண்டால் எனக்கு ஆபீஸில் வேலை தருவதாகச் சொன்னார். முப்பத்தொன்பது வயதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் வகுப்புக்குப் போனேன். என் மகள் வயசுப் பிள்ளைகள் மௌஸைப் பார்க்காமலே கோடு இழுத்தார்கள். எனக்கோ கோடு ஒரு பக்கம் போனால் மௌஸ் இன்னொரு பக்கம் போனது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டதும் என் காதில் விழுந்தது.

முதலில் ஒரு மாடிப்படி வரைந்து அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். இதில் ஏறினால் மண்டை கூரையில் முட்டும் என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். தாளை நாலாகக் கிழித்தேன், ஒரு வாரம் வகுப்புப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவர்தான் கெஞ்சினார். இனிமேல் உன் படத்தில் குறை சொல்லவே மாட்டேன், போய்ட்டு வா என்றார்.

அதற்கப்புறம்தான் குளியலறை பிளானை வரைந்தேன். நாற்காலியின் அகலம் இருபத்தேழரை அங்குலம். கதவு நிலையின் வெளி அளவு இரண்டடி பதினொரு அங்குலம் என்று வைத்தால், இரண்டு பக்கக் கட்டைக்கும் சேர்த்து ஆறு அங்குலம் போக, உள்ளே இருபத்தொன்பது கிடைக்கும். நாலு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வரைந்தேன். அச்செடுத்துக் கொடுத்தபோது அவர் கதவு இருந்த இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம், நல்லா இருக்கு என்றார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கட்டியது அவரிடம் தொழில் பழகிய பிச்சமுத்து. நாற்காலி சிக்கியதும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். டேப்பை எடுத்து அளந்துகூடப் பார்க்கவில்லை. என் கணக்குச் சரி, அப்படியென்றால் தப்பு அவனுடையதுதானே. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனைத் திட்டாதே என்று இவர்தான் அதட்டினார். லால்குடி வேலை பத்து நாளில் முடியும், வந்து நிலையைப் பெயர்த்து மாற்றி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆறாம் நாள் இவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீரில் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியபின் பிச்சமுத்து என்னிடம் வந்தான்.

"அண்ணி, மனசுல வச்சிக்கிட்டு இருக்க முடியல. நிலை ரெண்டடி ஒம்போது அங்குலம்னு போட்டிருக்கு, சேர் நுழையாதுண்ணேன்னு நான் அன்னைக்கே அண்ணன்கிட்ட சொன்னேன்."

நான் எங்கே ஒன்பது போட்டேன் என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து பிளானை எடுத்துக் காட்டினான். 2.9 என்று இருந்தது.

வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் அடியைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரிக்காது, பத்தாகப் பிரிக்கும்; பதினொரு அங்குலம் அதில் ஏறக்குறைய ஒன்பது பங்கு. இரண்டடி பதினொரு அங்குலத்தைக் கொடுத்தால் 2.9 என்றுதான் காட்டும். கட்டட வேலையில் புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலம். காட்டூரிலும் லால்குடியிலும் எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் அது இரண்டடி ஒன்பதுதான். மேஸ்திரி பெண்டாட்டி, எனக்கு அது தோன்றவில்லை.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"அவ போட்டபடியே வைடான்னாரு. இப்ப தப்புன்னு சொன்னா கிளாஸை விட்டுருவா, எனக்கப்பறம் அவளுக்கு அதுதான்டா சோறுன்னாரு. அவ வேலைக்குப் போனதும் உடைச்சு மாத்திக்கலாம், அதுவரைக்கும் என்னைத் தூக்குங்க, அவ திட்டுனா நீ வாங்கிக்கன்னாரு."

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இது என்ன என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அது பதினொன்றுங்க என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இடுப்பு செத்துக் கிடந்த மனுஷன், கடைசிவரை என் கோபத்துக்குப் பயந்திருக்கிறார்.

அடுத்த மாதம் ஸ்ரீரங்கத்து ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் போடும் பிளானில் புள்ளியே இருக்காது. அடி தனி, அங்குலம் தனி. அளவு சுத்தமாக இருக்கிறது என்று இன்ஜினியர் பாராட்டுகிறார். நான் தப்பாகப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டே, அதை மன்னித்துவிட்டுப் போய்விட்டார் அவர். நான் சரியாகத்தான் போட்டேன் என்று இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?