மேடைக்குப் பின்னால்

ரப்பர் தோட்டம் துண்டாடி விற்கப்பட்ட பிறகு தொழிலாளர் லயத்தில் தங்கிவிட்டவர்களுக்கு மலிவு வீடு தருவதாகச் சொல்லி, எண்பத்து நாலாம் வருடம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு விழா நடத்தினார்கள். மந்திரி கையால் முதல் சாவியை வாங்கியவள் வீரம்மா. அன்று மாலை மலாய்ச் செய்தியில் அதைக் காட்டினார்கள்.

அவள் புருஷன் உடையப்பன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். அண்டை வீட்டுச் செல்லாயியின் டிவிக்கு முன்னால் அவரை நாற்காலியோடு தூக்கி வைத்திருந்தார்கள். பெண்டாட்டி டிவியில் தெரிந்ததும் அழுதுவிட்டார். பிடித்தது வினை. வீரம்மா வெறுங்கையோடு வந்து நின்றாள். வீடு இன்னும் கட்டி முடியவில்லையாம், மேடைக்குப் பின்னால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்றாள். உடையப்பன் நம்பவில்லை. நாடே பார்த்ததைப் பொய் என்கிறாளே, ஈப்போவில் இருக்கும் தன் தம்பிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டாள் என்றே முடிவு கட்டினார். அன்றிலிருந்து அவள் வைத்த சோற்றைத் தின்றாரே தவிர, முகம் பார்த்துப் பேசவில்லை. மற்றவர்கள் எடுத்துச் சொன்னதும் காதில் ஏறவில்லை. எல்லோரும் அவளுக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்று நினைத்தார்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யேசுதாசன் வந்தான். ஈப்போவில் கல்யாண வீடியோ எடுப்பவன். அவன் அம்மாவும் இதே தோட்டத்தில் பால் வெட்டியவள். யாரும் கூப்பிடாமலே அந்த விழாவைப் படம் பிடித்திருந்தான். செல்லாயி வீட்டில் டேப்பைப் போட்டான். லயமே திரண்டு வந்து உட்கார்ந்தது. உடையப்பனையும் தூக்கி வந்தார்கள்.

மந்திரி நெடுநேரம் பேசினார். வீரம்மா சாவி வாங்கினாள். செய்தியில் அதோடு முடிந்தது. இதிலோ படம் அவள் பின்னாலேயே படியிறங்கிப் போனது. கூடாரத் துணிக்கு அப்பால் ஓர் அதிகாரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டுக் கொண்டாந்து தாரேன்லா. அவரு நடக்க முடியாம கெடக்குறாரு," என்றது படத்தில் வீரம்மாவின் குரல்.

அதிகாரி தலையை ஆட்டி மறுத்தார். அவள் கொடுத்துவிட்டாள். அதே சாவி மறுபடி மேடையேறி, அடுத்து வந்த லயத்து மாரியம்மா கைக்குப் போனது.

"தம்பி, அவ கேக்குற எடத்த இன்னொரு வாட்டி போடு," என்றார் உடையப்பன்.

யேசுதாசன் திருப்பிப் போட்டான். உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்படிக் கேட்டேன்னு நீ சொல்லவே இல்லியே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் எல்லோருக்கும் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுவாரம் லயத்துக்காரர்கள் லாரி பிடித்து, வீடு கேட்டு ஈப்போ அரசாங்க ஆபீசுக்குப் போனார்கள். உடையப்பனும் நாற்காலியோடு போனார். உங்களில் யார் பேசுவது என்று அங்கே கேட்டபோது எல்லோரும் வயதில் மூத்த அவரைப் பார்த்தார்கள்.

"இவ பேசுவா," என்றார்.

வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். வீடுகள் எழும்ப இன்னும் மூன்று வருடமானது. அதுவரைக்கும் அந்த ஆபீசில் லயத்துக்காகப் பேசியவள் அவள்தான்.