வேற காலனி

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் மதுரையில் யாரும் உங்கள் சாதியைக் கேட்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஊர், அப்பா பேர், கும்பிடுகிற சாமி. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே பாசமான கேள்விகள். சேர்த்துப் பார்த்தால் சல்லடை.

அது வேலை செய்யும் விதத்தை என் விஷயத்திலேயே காட்டுகிறேன். என் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் எல்லாரும் இருக்கிறார்கள். அப்பா பேர் மருது. எல்லா வீட்டிலும் வைக்கிற பேர், அதுவும் கை கொடுக்காது. சாமி கருப்பு. இந்தச் சீமையில் பாதிப்பேருக்குக் கருப்புதான் சாமி. இப்படி மூன்று சல்லடையிலும் நான் தப்பி விழுந்துவிடுவேன். அப்போது நான்காவது கேள்வி வரும். குரல் கொஞ்சம் இறங்கும்.

“ஊருக்குள்ள எந்தப் பக்கம்?”

ஊர் என்றால் ஊரும் இருக்கிறது, ஊரைத் தள்ளிக் காலனியும் இருக்கிறது. நான் காலனி. அதைச் சொன்னதும், “செத்த இரும்மா, அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்” என்று உள்ளே போவார்கள். திரும்பி வரும்போது ஒரு சொந்தக்காரப் பையனோடு வருவார்கள். ஆள் வரமாட்டான், பேச்சில் வருவான். அவனுக்குத்தான் அந்த வீட்டை ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்களாம், மறந்துபோச்சாம். எனக்குச் சொல்லப்பட்ட அத்தனை பையன்களும் நிஜமாகவே வந்து இறங்கியிருந்தால் காளவாசலில் பஸ் நிற்க இடம் இருந்திருக்காது.

எனக்கு வீடு ஏன் அவ்வளவு அவசரம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் நிலத்தடி நீரில் ஆராய்ச்சி செய்கிறேன். மேலூர்ப் பக்கத்துக் கெட்டிப் பாறைக்குள் மழைத்தண்ணீர் எந்த வெடிப்பு வழியாக இறங்கி எந்தக் கிணற்றில் போய்ச் சேருகிறது என்பதுதான் என் கேள்வி. மழைக்காலத்தில் கிணறுகளிலிருந்து எடுத்த தண்ணீரை அன்றைக்கே சோதித்தாக வேண்டும். வைத்திருந்தால் அதில் கரைந்திருக்கும் வாயு போய்விடும், அப்புறம் அது வெறும் தண்ணீர். அதனால் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். அதுவரை இருந்த விடுதிக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று எங்களை வெளியே போகச் சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து போய்வந்தால் மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பஸ் மாறி, பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். இந்த மழையைத் தவற விட்டால் அடுத்த மழை வரை உதவித்தொகை நீடிக்காது. வீடு இல்லையென்றால் பட்டம் இல்லை.

என்னோடு படிக்கும் சுபலட்சுமிதான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அலைந்தாள். அவள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள், “நம்ம புள்ள மாதிரில இருக்கு” என்பார்கள். வீடு அவளுக்கில்லை, பின்னால் நிற்கிற எனக்கு என்றதும் கேள்விகள் தொடங்கும்.

“பேசாம எங்க ஊர்ப் பேரைச் சொல்லிருடி. சித்தி மகள்னு நான் சொல்றேன். எவன் வந்து பாக்கப் போறான்?” என்றாள் ஒருநாள், டீக்கடையில்.

“முடியாது.”

“எதுக்கு இம்புட்டு வீம்பு?”

“ஊரை மாத்திச் சொன்னா எங்கப்பா பாக்க வரமுடியாது. வந்தா அவருக்கும் ஒரு பொய்யைச் சொல்லிக்குடுக்கணும். கல்லு ஒடைச்சு என்னையப் படிக்க வச்ச மனுஷனைப் பாத்து, அய்யா, நீங்க இன்ன ஊருன்னு சொல்லுங்கன்னா சொல்றது?”

அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீக்கான காசை மட்டும் சண்டை போட்டுக் கொடுத்தாள்.

நூற்பாலை ஊழியர் காலனி என்று நுழைவு வளைவில் பெயர் எழுதிய தெருவுக்குள் போனது அதற்கடுத்த வாரம். ஆலையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து மனை வாங்கிக் கட்டிய வீடுகள். ஆலை மூடிவிட்டது, பெயர் இருக்கிறது. மூன்றாவது வீட்டில் டூ-லெட் பலகை. மாடியில் ஓர் அறை, சமையலறை, குளியலறை. வீட்டுக்காரம்மா சீனியம்மாள் கேட்டைத் திறக்கும்போதே, “வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிங்க” என்றார். கேள்விகள் வரிசை மாறாமல் வந்தன. ஊர் சொன்னேன். அப்பா பேர் சொன்னேன். கருப்பு என்றேன்.

“ஊருக்குள்ள எந்தப் பக்கம் தாயி?”

“காலனிம்மா.”

அவர் உள்ளே எழுந்து போவதற்கு முன் வருகிற அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

“அட, நீங்களும் காலனிதானா? நாங்களும் காலனிதான். காலனியில வளந்த புள்ளைகனாலே ஒரு ஒழுங்கு இருக்கும். அப்பா என்ன, பேங்க்கா, ஈபியா?”

“குவாரியிலம்மா.”

“கிரானைட்டா. நல்ல சம்பளம் குடுப்பானே.”

இதில் என்ன நடந்தது என்றால், ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. கிராமத்தில் காலனி என்று சொன்னால் அது எங்களைக் குறிக்கும். சிலர் வாயில் அது வசவு. அந்தச் சொல்லைப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப் போவதாக அரசாங்கமே அறிவித்திருக்கிறது. டவுனில் அதே காலனி, மனை வாங்கி வீடு கட்டியவர்களின் கௌரவம். சீனியம்மாள் பிறந்தது வளர்ந்ததெல்லாம் டவுன். அவருக்குத் தெரிந்தது ஒரு காலனிதான். கேள்வியை மட்டும் யாரிடமோ கற்றுக்கொண்டிருந்தார், பதிலைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

நான் திருத்தவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டு அதையும் தப்பாகப் புரிந்துகொண்டால், அதற்கும் நானா பாடம் எடுப்பது? வெளியே வந்ததும் சுபலட்சுமி ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் சிரித்தாள்.

வீட்டுக்காரர் ராஜபாண்டி பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர், அதிகம் பேசமாட்டார். அப்பா வந்து பால் காய்ச்சிவிட்டுப் போனார். சீனியம்மாள் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். மழை தொடங்கியது. நான் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து சோதித்தேன். வேலை ஓடியது.

பிறகு ராஜபாண்டி மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார். மறுநாள் காலை இருவரும் மாடிப்படியில் நின்றார்கள். அவர் இரண்டு படி கீழே, அம்மா அவருக்கும் கீழே.

“ஒரு சின்ன விசயம்மா. என் தங்கச்சி மகன் ஒருத்தன் வாரான். இங்கதான் தங்கணும்கிறான். நீ வேற எடம் பாத்துக்க.”

“அக்ரிமென்ட் இருக்கே சார்.”

“அதெல்லாம் நமக்குள்ள என்ன. அட்வான்ஸை அப்படியே வாங்கிக்க.”

“தம்பி எங்க வேலை பாக்குது?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கீழே பார்த்தார். பாவம், அந்தப் பையனுக்கு வேலை வாங்கித் தர இருவரும் மறந்துவிட்டார்கள்.

“மேலூர்ல விசாரிச்சீங்களா சார்?” என்றேன்.

“நீ மொதல்லயே சொல்லியிருக்கணும்.”

“சொன்னேனே. காலனின்னு சொன்னேன். அம்மா, நீங்களும் காலனிதான்னு சொன்னீங்களா இல்லையா?”

சீனியம்மாள் மெல்ல, “அது வேற காலனி பாப்பா” என்றார்.

“எது வேற?”

அவர் முந்தானையால் படிக் கைப்பிடியைத் துடைத்தார்.

“எப்படி வேறன்னு சொல்லுங்கம்மா. உங்க காலனிக்கும் எங்க காலனிக்கும் என்ன வித்தியாசம்னு நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் இன்னைக்கே பெட்டியைக் கட்டுறேன்.”

“பேச்சை வளக்காத” என்றார் ராஜபாண்டி.

“நான் வளக்கலை சார். ஒரு வரிதான் கேக்குறேன்.”

அந்த ஒரு வரியை இருவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துரத்தத் தெரிகிறது, எதற்காகத் துரத்துகிறோம் என்று சொல்ல மட்டும் நாக்கு கூசுகிறது. எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கலாம், கெட்டது மட்டும் தானாக நடந்துவிடும். இத்தனை வீடுகளிலும் நான் பார்த்தது இந்த ஏற்பாட்டைத்தான். அந்த வரியை யாரும் சொல்லாத வரைக்கும்தான் அது ஓடும்.

“அப்ப நான் இங்கதான் இருப்பேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழே போய்க் கேட்டேன். மோட்டார் ரிப்பேர் என்றார் ராஜபாண்டி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்த வீட்டுத் தண்ணீர் ஏற்பாடு எளிமையானது. கீழே ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரே மோட்டார். மேலே ஏறும் குழாய் தரைமட்டத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அவர்கள் தொட்டிக்கு, ஒன்று என் தொட்டிக்கு. பிரிகிற இடத்தில் ஆளுக்கொரு வால்வு. அன்று காலை மோட்டார் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர்கள் தொட்டி நிரம்பி, வழிகிற குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டும் இருந்தது. என் தொட்டி காய்ந்து கிடந்தது. ரிப்பேரான மோட்டார் ஒரு தொட்டியை மட்டும் நிரப்பாது. ஆகவே மூடியிருப்பது வால்வு. போய்ப் பார்த்தேன். அதைச் சுற்றி இருந்த கம்பிக்கூண்டுக்குப் புதுப் பூட்டு.

ஊரில் எங்கள் தெருவுக்குப் பொதுக்கிணற்றில் தண்ணீர் இல்லை என்ற கதையெல்லாம் அப்பா சொல்லி எனக்குத் தெரியும். அதை ஒரு பித்தளை வால்வில் இவ்வளவு சின்னதாகச் செய்ய முடியும் என்பது எனக்குப் புதிது.

இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சித் தொட்டிக்குப் போனேன். காலையில் எல்லாரும் வாசலில் இருக்கிற நேரம். எதிர் வீட்டு மீனா அக்கா, கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தார்.

“என்ன பாப்பா, குடத்தைத் தூக்கிட்ட? வீட்டுல தண்ணி வரலையா?”

எனக்கு ஒன்றை விளக்குவது பிடிக்கும். அவசரப்படாமல் குடத்தைக் கீழே வைத்தேன். ஒரே மோட்டார்தான் என்பதையும், குழாய் இரண்டாகப் பிரிவதையும் கையைக் காட்டிச் சொன்னேன். எந்த வால்வு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

“அவுக ஏன் உன் வால்வைப் பூட்டணும்?”

“நான் எஸ்சி அக்கா. மேலூருக்குப் போயி விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதனால காலி பண்ணச் சொல்றாங்க. நான் பண்ணலை. அதனால தண்ணி இல்லை.”

கோலமாவு விரல் நுனியிலேயே நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் செருப்பைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார். தொட்டியடியில் நின்ற இன்னொரு பெண், “இதையெல்லாம் தெருவுல வச்சா பேசுவாக?” என்றார்.

“படியில வச்சுப் பேசக் கூப்பிட்டேன். அவங்க பேசலை.”

மறுநாளும் போனேன். வேறு இருவர் கேட்டார்கள். மோட்டாரிலிருந்து தொடங்கி மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது பாதியில் வந்து சேர்ந்தால் அவர்களுக்காக முதலிலிருந்து சொன்னேன். “நம்ம காலனி பேரைக் கெடுக்காதம்மா” என்று ஒருவர் சொன்னார். “பேரைக் கெடுத்தது நான் இல்லண்ணே, வால்வு” என்றேன். எல்லாரும் என் பக்கம் வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாதிப்பேர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் ராஜபாண்டியைக் கண்டாலும் முகத்தைத் திருப்பத் தொடங்கினார்கள். சொல்லாத வரைக்கும் எல்லாருக்கும் பொதுவாக இருந்த விஷயம், சொன்னதும் அவர் ஒருவர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதற்கு மறுநாள் அவர் பால் வாங்கிக்கொண்டு வரும்போது நான் குடத்தோடு எதிரே போனேன். மீனா அக்கா வாசலிலிருந்தே சத்தமாகக் கேட்டார். “ஏண்ணே, மோட்டார் ரிப்பேருன்னு நீங்க சொல்றீக, வால்வுன்னு பாப்பா சொல்லுது. எந்த மெக்கானிக்கைக் கூப்பிடன்னு தெரிஞ்சாத்தானே நாங்க சொல்லிவிட முடியும்?”

அவர் நிற்கவில்லை. பால் பாக்கெட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சோதனைப் புட்டிகளை அடுக்கி முடித்து வந்து கதவைத் திறந்தபோது, மேலே என் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காலியான தொட்டியில் முதலில் விழும் தண்ணீருக்கு ஒரு பெரிய சத்தம் உண்டு. மட்டம் ஏற ஏற அது மெலியும். மன்னிப்பு என்று யாரும் வரவில்லை. தங்கச்சி மகன் வரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் ஒப்பந்தம் மீதி இருக்கிறது. மழை இன்னும் முடியவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து வாளியை வைத்துவிட்டு, ஆத்திரம் அடங்காமல் அங்கேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் படியடியிலிருந்து சீனியம்மாளின் குரல் வந்தது. மேலே ஏறாமல், என் பேரையும் சொல்லாமல் கேட்டார்.

“நிரம்பிருச்சா? மோட்டாரை அமத்தவா?”

“இன்னும் இல்லை” என்றேன். “ஓடட்டும்.”