நாற்பத்து நான்கு கையெழுத்துகள்

முப்பத்தொன்றாவது கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தான் மன்சூர். ஐந்துக்கு ஒருமுறை பேனாவை மாற்றினான். நீலம், கறுப்பு, மறுபடி நீலம். எல்லாம் ஒரே நாளில் போட்டதாகத் தெரியக் கூடாது.

மேலகரத்தைத் தாண்டி மலையேறும் ஜீப்பின் சத்தம் கேட்டது.

அந்தச் சிறிய வானாய்வு மையத்தின் கூரையில் ஒரு கருவி. நட்சத்திர வெளிச்சத்தை இரவுதோறும் அளந்து, வானம் எவ்வளவு தெளிவு என்று சொல்லும். அதன் கண்ணாடியை மாதம் ஒருமுறை துடைத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அங்கே உதவியாளனான மன்சூர் நாற்பத்து நான்கு மாதங்களாகக் கூரை ஏறவில்லை. குற்றாலத்துச் சாரல் கழுவாததையா நாம் துடைத்துவிடப் போகிறோம் என்று இருந்துவிட்டான். இன்று காலை ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சாரல் தூசியைக் கழுவவில்லை, குழைத்துப் பூசியிருந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கிய விஞ்ஞானி உமாதேவி கையில் அறிக்கையோடு வந்தார். நான்கு வருடமாக வானம் மங்கிக்கொண்டே வருகிறது, காரணம் அடிவாரத்தில் கல் உடைக்கும் கிரஷரின் தூசி. கிரஷரை மூடுவது பற்றி இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. மூடினால் நூற்றிருபது பேருக்கு வேலை போகும். மன்சூரின் அக்கா ஹாஜரா பீவிக்கும்தான். அவளுக்கு இருமல் வந்ததும் அங்கேதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார் என்று பதிவேட்டை வாங்கக் கை நீட்டினார் உமாதேவி. மன்சூர் நீட்டினான், பிடியை விடவில்லை. பிறகு தரையைப் பார்த்தபடி, கூரை ஏறாததையும் கள்ளக் கையெழுத்துகளையும் சொன்னான். வானம் மங்கியதா, கண்ணாடி மங்கியதா, தனக்கே தெரியாது என்றான்.

உமாதேவி நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. அதுதான் மன்சூருக்குத் தாங்க முடியவில்லை. விசாரணைக்கு ஒரு வாரம் தவணை கேட்கலாம் என்றவரின் முகம் தெளிந்தது.

“கண்ணாடி அப்படியே கெடக்கட்டும். இன்னைக்கு ராத்திரி ஒரு தடவ அளப்போம். தொடச்சிட்டு மறுபடி அளப்போம். வித்தியாசம் எவ்வளவோ, அதுதான் கண்ணாடியோட அழுக்கு. அதக் கழிச்சா மிச்சம் வானத்தோடது. நாலு வருசக் கணக்கும் பிழைச்சிரும், மன்சூர். ஒங்க அக்காவ அந்தத் தூசி தின்னுதா இல்லையான்னு நாளைக்கே சொல்லிரலாம்.”

மன்சூர் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

“என்ன, மேலயே பாக்குறீங்க?”

“நாலு வருசத்துல நான் ஒழுங்கா செஞ்ச வேல ஒண்ணே ஒண்ணுதான், மேடம்,” என்றான். “ஒரு மணி நேரத்துக்கு முந்தி மேல ஏறி, சோப்புப் போட்டு அத நல்லா தொடச்சிட்டேன்.”